உள்ளங்கை மெருகு

1964ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தாராவியில் பாலிஷ் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவைப் பிடித்து நிறுத்துவதைத் தரை விட்டுவிட்டது. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த ஆண்டு அது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டிருந்தது. இவற்றோடு இதுவும் நடந்தது. அசர் தொழுகைக்குப் புறப்பட்டுப் பட்டறை வாசலில் இறங்கியவர், அடுத்த காலை எடுத்து வைப்பதற்கு முன்பே நகரத் தொடங்கினார். விழவில்லை; தடுமாறவும் இல்லை. இரண்டு பாதங்களும் சேர்ந்திருக்க, நிமிர்ந்து நின்ற நிலையிலேயே சந்தின் சரிவில் நயினாரின் டீக்கடையைக் கடந்து, தண்ணீர்க் குழாயை நோக்கிச் சென்றார். குழாயடியில் குடத்துடன் நின்ற கனகவள்ளி, "என்ன பாய், காலு ஆடாமலே போறீய? சக்கரம் கிக்கரம் மாட்டிட்டீயளா?" என்று கேட்டாள். "சிரிக்காதீய தாயி, யாராவது புடிங்க" என்றார் அவர். கனகவள்ளி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடித்ததாகத்தான் பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். ஆனால் அவள் கைக்குள் ஒன்றும் தங்கவில்லை. சந்தின் அடியில், தோல் கிடங்கின் முன்னே உப்பிட்டு அடுக்கியிருந்த ஆட்டுத்தோல் குவியல்தான் அவரைத் தடுத்தது. குவியலுக்கு அப்பால் சேறும், சேற்றுக்கு அப்பால் கழிமுகத்தின் கரிய நீரும் இருந்தன.

கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர். சந்தின் நடுவில் பட்டறை. பட்டறைக்கு மேலே மரப்படி ஏறினால் ஓர் அறை. அந்த அறையில் அவரும் மனைவி மதீனா பீவியும் ஒரே மகள் சுலைகாவும் வாழ்ந்தார்கள். பட்டறையில் அவருக்குத் துணையாக இருந்தவர் திசையன்விளை ஞானராஜ். அரம் போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தில் பிடிப்பது ஆகிய மூன்றும் ஞானராஜின் வேலை. பித்தளைக் கைப்பிடிகளும் ஆஸ்பத்திரித் தட்டுகளும் அங்கே மெருகேறிப் போய்க்கொண்டிருந்தன. விலையைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களுக்குக் கரீம் பாட்சா ஒரு விளக்கம் வைத்திருந்தார். "தடவிப் பாத்தா இரும்பு வழவழன்னுதான் இருக்கும். ஆனா அது பூராவும் மேடும் பள்ளமும்தான். ரெண்டு இரும்ப ஒண்ணு மேல ஒண்ணு வச்சா, மேட்டு நுனி மட்டுந்தான் தொடும். மிச்சமெல்லாம் காத்து. ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல மாட்டுதுல்லா, அதுக்குப் பேருதான் பிடிமானம். நான் அந்த மேட்டைச் சீவுதேன். சீவுறதுக்குத்தான் காசு." இதைக் கேட்ட பிறகும் வாடிக்கையாளர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

1963இல் செம்பூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று அவரைத் தேடிவந்தது. அளவு பார்க்கும் எஃகுக் கட்டைகளை அதுவரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தவர்கள், சீனப் போருக்குப் பின் இறக்குமதி உரிமம் கிடைக்காமல் திண்டாடினார்கள். கம்பெனியின் தரச் சோதகர் பிரம்மநாயகம், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், சட்டையில் மடிப்புக் கலையாமல் லோக்கல் ரயிலில் வந்து இறங்கக்கூடியவர். அவர் ஒரு பெருவிரல் நீளக் கட்டையை வெல்வெட் துணியிலிருந்து எடுத்துக் காட்டி, இதைப் போலச் செய்ய முடியுமா என்று கேட்டார். கரீம் பாட்சா அதை வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார். முடியும் என்றார். அதன்பின் அவர் செய்து கொடுத்த ஒவ்வொரு கட்டையையும் பிரம்மநாயகம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "கரீம் பாய், வேலை ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். ஆனா ஒரே ஒரு ஸ்க்ராட்ச் இருக்கே, என்ன பண்றது?" என்று அவர் கேட்டதில் குற்றம் சாட்டும் தொனி ஒருபோதும் இருந்ததில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அவர் சொன்னார்.

துணிச்சக்கரத்தால் ஆகாது என்று கண்ட கரீம் பாட்சா, கடைசித் தேய்ப்பைத் தம் உள்ளங்கையால் செய்யத் தொடங்கினார். மிக நுண்ணிய பாலிஷ் பொடியை எண்ணெயில் குழைத்து, கட்டையின் முகத்தில் கையை வைத்து, முன்னும் பின்னுமாக ஒரே அழுத்தத்தில் தேய்ப்பார். துணியில் இழை உண்டு, இழை கீறும். தோலில் இழை இல்லை என்பது அவர் கணக்கு. கணக்குச் சரிதான், கட்டைகள் ஒளிரத் தொடங்கின. உரசும்போது இரண்டு பக்கமும் தேயும் என்பதைத் தொழிலுக்கு வரும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர், தம் கையை அந்த இரண்டு பக்கங்களில் ஒன்றாக எண்ணவில்லை. முதலில் ரேகைகள் போயின. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தபோது நீல மை வட்டமாக விழுந்தது. வட்டத்திற்குள் ஒன்றும் இல்லை. பின்னர் டீ கிளாஸ் நழுவியது. சோற்றுப் பருக்கை விரல்களுக்கிடையே நிற்கவில்லை. கையோடு இது நின்றிருக்கக்கூடும். ஆனால் அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது, சோப்புக்கும் அடங்காதது. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் அவர் ஒளுச் செய்தார். அந்தக் கைகளால் முகத்தைக் கழுவினார், முழங்கை வரை தேய்த்தார், தலையைத் தடவினார், பாதங்களைக் கணுக்கால் வரை துப்புரவாகத் தேய்த்துக் கழுவினார். எஃகுக்குச் செய்ததையே தமக்கும் செய்துகொண்டிருந்தார். முகத்தில் உட்கார வந்த ஈக்கள் வழுக்கிப் போயின. முடி நாவிதரின் கத்திக்கு முன்பே விழுந்துவிட்டது. கடைசியில் பாதங்களின் முறை வந்தது. இடுப்பு ஒளுவில் சேராததால் கைலி மட்டும் இடுப்பில் நின்றது. இதை அவர் இறைவனின் கருணை என்றே சொல்லிவந்தார்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. "கைய வச்சுத் தேய்க்காதீயன்னா கேக்கீயளா?" என்று மதீனா பீவி கத்தினாள். "ஏளா, இன்னும் ஒரே கீறல்தான். இந்த ஜோடி பாஸாயிட்டா நிறுத்திருதேன்" என்றார். பட்டறைத் தரையில் ஒரு மரப்பெட்டியை வைத்து, அதற்குள் தம்மைச் செருகிக்கொண்டு தேய்த்தார். கழுவி விட்ட பொடியும் எண்ணெயும் பட்டறை வாய்க்கால் வழியே ஓடி, சந்தின் சாக்கடையில் கலந்து, கழிமுகத்தில் இறங்கின. அவை இறங்கிய இடத்தில், ஒரு பாய் விரித்த அளவுக்கு, நீர் அலையற்றுக் கிடந்ததைத் தோல் கிடங்கு ஆட்கள் அந்த மழைக்காலத்தில்தான் முதலில் கவனித்தார்கள். சுற்றிலும் மழைத்துளி விழுந்து வட்டம் போட்டது. அந்தப் பாய்க்குள் விழுந்த துளி வட்டம் போடவில்லை. கொக்குகள் அதன் ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயின.

தரை கைவிட்ட பிறகு அவர் ஒவ்வொரு முறை சறுக்கியதும் கழிமுகம் இருந்த திசையில்தான். தொடக்கத்தில் சரிவுதான் காரணம் என்று எல்லாரும் கருதினார்கள். ஆனால் பள்ளிவாசலின் தரை மட்டமாகப் போடப்பட்டது. அங்கும் அவர் அந்தத் திசைக்கே போனார். ஜமாஅத்தின் பெரியவரும் தோல் வியாபாரியுமான ஜெயினுலாப்தீன், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தபின் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கோவிச்சுக்கிடாதீய தம்பி. மொத வரிசையில குனியுதீய, எந்திரிக்கையில கடைசி வரிசையில இருக்கீய. பின்னால நிக்கிறவன் தொழுவானா, ஒங்களப் புடிப்பானா? வீட்டுலயே தொழுதுக்கிடுங்க. அல்லா ஏத்துக்கிடுவான்." சொன்னபின் வழக்கப்படி முசாபஹா செய்யக் கையை நீட்டியவர், நினைவு வந்தவராய் மடக்கிக்கொண்டார். தொழுகை முடிந்தால் ஒருவர் கையை ஒருவர் பற்றிக் குலுக்குவது அந்தப் பள்ளிவாசலில் தவறாத வழக்கம். கரீம் பாட்சாவின் கையைப் பற்றியவர்களுக்குத் தங்கள் கை திடீரென்று வெறுமையான உணர்வுதான் மிஞ்சியது. சிலருக்கு அன்று முழுவதும் அந்த வெறுமை நீங்கவில்லை. ஆகவே அவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொல்லிவிட்டு விலகிப்போகப் பழகினார்கள். தரை கைவிட்டதற்கு வருந்தாத மனிதர், இதற்கு வருந்தினார்.

1965ஆம் ஆண்டின் மழைக்காலத்தை ஒரு தேங்காய்நார்க் கயிற்றின் உதவியால் கடந்தார்கள். கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில். மறுமுனை பட்டறையின் இரும்புத் தூணில். ஞானராஜ் முடிச்சுப் போட்டார். "ஆட்டைக் கட்டின மாதிரி கட்டுதியல்லா ஞானராசு" என்று கரீம் பாட்சா சிரித்தார். "ஆடுன்னா கத்தும் பாய். நீங்க கத்தாமப் போயிருவீய, அதான் பயம்" என்றார் ஞானராஜ். கயிறு நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக் குளிப்பு இடுப்பை விட்டுவைக்கவில்லை. மழை ஓய்வதற்குள் கைலியும் கயிறும் ஒரே நாளில் நழுவின. அன்று அவர் ஆட்டுத்தோல் குவியலையும் தாண்டிப்போனார். சேற்றில் குத்தியிருந்த படகுக் கம்பத்துக்கும் கரைக்கும் இடையே அவர் உடல் குறுக்காகச் செருகி நின்றதால்தான் அன்று மீட்க முடிந்தது. அவரைச் சணல் கோணியில் சுற்றித் தூக்கிவந்தார்கள். கோணியிலிருந்தும் அவர் இருமுறை வெளியே வழிந்தார். அன்றைக்குள் அலையற்ற நீர் ஓர் அறையின் அளவுக்கு விரிந்திருந்தது. தூக்கிவந்தவர்களில் எவரும் அதைப் பற்றி மதீனா பீவியிடம் பேசவில்லை. ஆனால் அவளும் கரையில்தான் நின்றிருந்தாள்.

மணல் தூவிப் பார்த்தாள். சாம்பல் பூசினாள். தார் தடவி, அதன்மேல் தவிடு ஒட்டவைத்தாள். தார் அட்டைபோலக் கழன்று விழுந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரால் அவர் பாதத்தைக் கீறப் பார்த்தாள், நார்தான் தேய்ந்தது. தன் சேலையில் தூளி கட்டி, அதில் அவரைப் படுக்க வைத்தாள். சில மாதங்கள் அது பயன்பட்டது. பின்பு ஒருநாள் விடிகாலையில் தூளி கிழியாமல் அவிழாமல் அப்படியே தொங்க, அவர் வாசற்படியில், கழிமுகத்தைப் பார்த்தபடி கிடந்தார். "என்ன செய்ய மதீனா, அது கூப்பிடுத மாதிரி இருக்கு" என்றார். அவர் உடம்பில் மெருகேறாமல் தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. ஜிப்பா அதில் தொங்கியது.

அந்த வாரம் பிரம்மநாயகம் வந்தார். கடைசி ஜோடியை வெளிச்சத்தில் சாய்த்தார், கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், பாஸ்" என்றார். கரீம் பாட்சா பெட்டிக்குள்ளிருந்து தலையசைத்தார். பிரம்மநாயகத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மதீனா பீவியும் சுலைகாவும் பார்க்கட்டும் என்று இரண்டு கட்டைகளையும் துடைத்து, ஒன்றின் முகத்தில் மற்றொன்றை வைத்து அழுத்தி, சற்றே நகர்த்தித் திருப்பினார். மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினார். கீழ்க் கட்டையும் உடன் வந்தது. பசை இல்லை, ஆணி இல்லை. "இதுல ஒண்ணு மட்டும் வழவழப்பா, மத்தது மேடும் பள்ளமுமா இருந்தா சறுக்கிண்டு போயிடும். அதாவது, நுனி மட்டும் தொடும், பிடிக்க ஒண்ணும் இருக்காது. ரெண்டும் ஒரே அளவு வழவழப்பா இருந்தா, முகம் பூரா தொடும். அப்புறம் விடவே விடாது."

மதீனா பீவி கேட்டாள்: "அப்ப அந்தத் தண்ணியும் இவுக அளவுக்கு வழவழப்புத்தானே?"

பிரம்மநாயகத்துக்கு எந்தத் தண்ணீர் என்று விளங்கவில்லை. அவர் கட்டைகளைப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தார். "உடனே பக்கவாட்டுல நகர்த்திப் பிரிச்சுடணும். சேர்ந்தபடி ரொம்ப நேரம் விடக்கூடாது. விட்டா அப்புறம் பிரியாது. ரெண்டும் ஒரே இரும்பாயிடும். எங்க ஆபீஸ்ல ஒரு ஜோடி அப்படி வீணாப் போச்சு." அவர் இதை எச்சரிக்கையாகத்தான் சொன்னார். அறையில் இருந்தவர்களில் மதீனா பீவி ஒருத்தி மட்டும் அதை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் பட்டறைக்குள் இறங்கி, ஞானராஜின் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். தன் கையை மெருகு போடச் சொன்னாள். ஞானராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "மதீனாக்கா, வெளாடாதீய." "வெளாட்டா? அவுகள அந்தத் தண்ணி தொட்டா, முகம் பூரா தொடும் ஞானராசு. அப்புறம் யாரு பிரிக்க? அதுக்கு முந்தி நான் தொடுதேன்." பெட்டிக்குள்ளிருந்து கரீம் பாட்சா, வேண்டாம் என்றார், பிறகு எந்தக் கை என்று கேட்டார். அவர்கள் இருவருக்கும் அதில் வாக்குவாதம் வந்தது.

"இடது கை. வலது கை எனக்கு வேணும், சோறு பொங்கணும்."

"ஒன் இடது கைன்னா என் வலது கை மாட்டிக்கிடுமே. நான் எந்தக் கையால திங்க?"

"நான் ஊட்டுதேன்."

"பாக்கிறவுக சிரிப்பாவ."

"அவங்க வீட்டுச் சோத்தையா ஊட்டுதேன்?"

சுலைகா மரப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்து முடித்தபின் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். தாயின் இடது கைதான் அவள் தலையை வாரும்போது கூந்தலைப் பிடித்திருக்கும் கை. இனி அது எந்தக் கூந்தலையும் பிடிக்காது என்பதை அங்கே வேறு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஞானராஜ் ஒரு நிபந்தனை போட்டார். உண்மையில் அது மதீனா பீவி அவரிடம் வாங்கிக்கொண்ட சத்தியம்தான். இந்தச் சக்கரத்தில் இதற்குப் பிறகு எந்த மனிதக் கையையும் பிடிக்கக்கூடாது. வேதத்தின் மேல் ஞானராஜும், கலிமா சொல்லி மதீனா பீவியும் அதை உறுதிசெய்தார்கள். பிறகு மோட்டார் ஓடியது. முதல் தேய்ப்பைத் துணிச்சக்கரம் செய்தது. கடைசித் தேய்ப்பைக் கரீம் பாட்சா செய்தார். எஃகைத் தேய்த்த அதே அழுத்தத்தில், முன்னும் பின்னுமாக, மனைவியின் உள்ளங்கையைத் தம் உள்ளங்கையால் தேய்த்தார். ஊரில் மருதாணி வைத்து அந்தக் கையைத் தம்மிடம் ஒப்படைத்த நாளில் அதில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்ததென்றும், அது இப்போதுதான் போயிற்றென்றும் அவர் சொன்னார். அவளுக்கு வலிக்கவில்லை. கையைக் கழற்றி வேறு யாரிடமோ கொடுத்துவிட்டதுபோல இருந்ததாகச் சொன்னாள்.

1966ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் காலையில், தொழுகை முடிந்து சந்து முழுவதும் முசாபஹா நடந்துகொண்டிருந்தபோது, மதீனா பீவி கணவரின் வலது கையை எண்ணெய் போகத் துடைத்தாள், தன் இடது கையையும் துடைத்தாள், அந்தக் கட்டைகளைப் போல முகத்தோடு முகம் வைத்து அழுத்தினாள், சற்றே நகர்த்தித் திருப்பினாள். கரீம் பாட்சா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கையில் ஒரு கை இருந்தது. ஜெயினுலாப்தீன் அந்த வழியே வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டு, பெருநாள் சலாம் சொன்னார். அன்று மாலை பிரித்துப் பார்க்கலாமா என்று சுலைகா கேட்டாள். தாய் கணவரையும் இழுத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள். மறுநாள் பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று.

அதன்பின் அவர்கள் அப்படியே வாழ்ந்தார்கள். மதீனா பீவியின் பாதங்கள் வெடிப்பு விழுந்த, உறுதியான பாதங்கள். தரை அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவள் நடந்தால் அவர் பின்னால் மிதப்பதுபோல வந்தார். அவள் நின்றால் அவர் சற்று முன்னால் போய், கழிமுகத்தின் பக்கம் திரும்பி, கைநீளத்தில் நின்றார். ரேஷன் கடையில் அவர்களை ஒரே ஆளாக வரிசையில் விட்டார்கள். அவள் வலது கையால் சோறு பொங்கினாள், அதே கையால் ஊட்டினாள். முதல் வாரம் எட்டிப் பார்த்தவர்கள் அதன்பின் பார்க்கவில்லை. பட்டறை மீண்டும் பித்தளைக் கைப்பிடிகளுக்குத் திரும்பியது. கபர்ஸ்தானில் குழி வெட்டுகிறவர் ஒருநாள் டீக்கடையில் மதீனா பீவியைப் பார்த்து, அகலம் எவ்வளவு வைக்கவேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். "ரெண்டு ஆளுக்கு வைங்க" என்றாள் அவள். நயினார் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று டீ திரிந்துபோயிற்று, வேறொன்றும் நடக்கவில்லை.

1967இல் சுலைகாவை மாட்டுங்கா லேபர் கேம்பில் மளிகைக்கடை வைத்திருந்த மன்சூர் அலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். தாயும் தந்தையும் இணைந்த கைகளுடனேயே மணமகளை வழியனுப்பினார்கள். மறு ஆண்டு அவளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ரஷீதா என்று பெயர் வைத்தார்கள். நாற்பதாம் நாள் பெற்றோர் குழந்தையைப் பார்க்க வந்தபோதுதான், தாயின் இடது மணிக்கட்டில் ஒரு மினுமினுப்பைச் சுலைகா கண்டாள். வியர்வை என்று நினைத்துத் துடைத்தாள். முந்தானை நழுவியது. தாய் கையை மறைக்க முயன்றாள். மறைக்க அவளிடம் வேறு கை இல்லை, மற்றக் கையில் குழந்தை இருந்தது. உரசும்போது இரண்டு பக்கமும் தேயும். சேர்ந்திருக்கும்போதும் தேயும் என்பது கரீம் பாட்சாவுக்குக்கூட அதுவரை தெரியாது.

மினுமினுப்பு அவசரப்படவில்லை. அந்த ஆண்டு முழுவதும் எடுத்துக்கொண்டு முழங்கைக்கு வந்தது. தோளைத் தாண்டும்போது ரவிக்கை ஒருபக்கம் நிற்காமல் போக, ஊசி குத்திக்கொண்டாள். பிரம்மநாயகம் ஒருமுறை அந்த வழியே வந்தவர், அவள் கையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளவே இல்லை. அப்படியே ரயிலுக்குப் போனார். 1969இன் கோடையில் மதீனா பீவியின் வலது உள்ளங்கையிலிருந்து கரண்டி முதன்முறையாக நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பித்தவெடிப்புகள் இருந்த இடத்தில் ஜன்னல் தெரிந்தது. கழிமுகத்தின் அலையற்ற நீர் அதற்குள் தோல் கிடங்கின் படிவரை ஏறிவிட்டிருந்தது. ஜெயினுலாப்தீன் ஆட்டுத்தோல் குவியலை மேட்டுப் பக்கம் மாற்றியிருந்தார். அந்த நீரில் எதிரே இருந்த வானம் சிறு நெளிவும் இல்லாமல் கிடந்தது. மழை தொடங்கிய வாரத்தில், காலை வேளையில், குழாயடிக் கூட்டத்தின் முன்னே கணவனும் மனைவியும் கைகோத்தபடி, நிமிர்ந்து நின்ற நிலையில், சந்தில் இறங்கிப் போனார்கள். இடம் மாறிய குவியல் அவர்களைத் தடுக்கவில்லை. கிடங்கின் வாசல் தூணுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகப் போக, இணைந்த கைகள் தூணில் மாட்டிக்கொண்டன. நீர் ஒரு முழத்தில் இருந்தது.

செய்தி லேபர் கேம்புக்குப் போய்ச் சேர்ந்ததும் சுலைகா குழந்தையோடு வந்தாள். வரும் வழியில் அழுதிருப்பாள்போலும், வந்தபோது அழவில்லை. தூணருகே போகவில்லை, நேரே பட்டறைக்குள் நுழைந்து சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். தூணிலிருந்து தாய் கூவியது அங்கே கேட்டது: "ஞானராசு, சத்தியம் பண்ணிருக்கீரு! மோட்டாரைத் தொட்டீருன்னா நான் மன்னிக்க மாட்டேன்!"

ஞானராஜ் கதவைச் சாத்தினார். கூவல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. "கேட்டியா மக்கா? ஒங்க உம்மாகிட்ட வேதத்து மேல பண்ணின சத்தியம்."

"தெரியும் மாமா. உம்மாவோட வலது கை இன்னும் வெறுங்கைதான். மழை கூடுததுக்குள்ள முடிக்கணும்."

"மன்சூர் அலிகிட்ட சொன்னியா?"

"அவருக்குச் சோறு பொங்கத் தெரியும்."

"இந்தப் பச்ச மண்ணு?" என்று ஞானராஜ் குழந்தையைக் காட்டினார். அவர் கேட்டது குழந்தையை இன்று யார் வைத்துக்கொள்வார்கள் என்பதை அல்ல. அதைச் சுலைகா புரிந்துகொண்டாள். அவள் ரஷீதாவின் வலது கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகள் நெருக்கமாக, ஆழமாக ஓடின. இடது கையையும் விரித்துப் பார்த்தாள். பின்பு எழுந்துபோய்க் கதவைத் திறந்து, குடத்துடன் நின்ற கனகவள்ளியின் இடுப்பில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு வந்தாள்.

ஞானராஜ் பொடி டப்பாவைத் திறந்து எண்ணெய் ஊற்றிக் குழைத்தார். "எந்தக் கை?" என்று கேட்டார்.

சுலைகா இடது கையை நீட்டினாள். மோட்டார் ஓடத் தொடங்கியது. சந்தில் யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம்.